சரிபார்த்தேன்

பேரூராட்சி அலுவலகப் பச்சை பீரோவில், ஒரே தட்டில்,
இரண்டு ஏடுகள் தோள் உரசி நிற்கின்றன.
ஒன்று இறப்புப் பதிவேடு.
மற்றது, வீடு தேடிப் போகும் மாத்திரைகளின் கணக்கு.
சுகாதாரக் கண்காணிப்புக் குழுவில்
மூன்று பேரில் ஒருத்தி நான், ஏழாவது வார்டு.
இன்னொருவர் மில் முதலாளி.
மூன்றாமவர் வருவதே இல்லை.

பிப்ரவரி பத்தொன்பதில்
வெள்ளைக்கண்ணு, வயது அறுபத்தெட்டு,
நெல் மூட்டை சுமந்த தோள், நெஞ்சு நிறையத் தூசு,
இறந்தார் என்கிறது முதல் ஏடு.
மார்ச்சில் முப்பது மாத்திரை பெற்றுக்கொண்டார்,
ஏப்ரலில் முப்பது,
மே மாதமும் முப்பது என்கிறது பக்கத்து ஏடு.
ஒவ்வொன்றுக்கும் நேராக
நீலத்தில் ஒரு இடது பெருவிரல்.

செத்தவருக்குச் சர்க்கரை ஏறுமா?

புதுவயல் காற்றில் எந்நேரமும்
ஏதோ ஒரு மில் நெல் அவித்துக்கொண்டிருக்கும்.
அந்த ஆவிக்குள் ஸ்கூட்டியை விட்டேன்,
கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற குஷியில்.
பொய் சொல்வானேன்,
அடுத்த தேர்தல் நோட்டீசுக்கு ஒரு வரிகூட
வழியிலேயே தயார்.

சபூரா கதவைத் திறந்தாள்.
அவள் வாங்குவது சம்பளமில்லை, ஊக்கத்தொகை;
அதுவும் இரண்டு மாதம் பாக்கி.
ரத்த அழுத்தக் கருவியின் பட்டை பிய்ந்துபோய்
மகனுடைய பள்ளிக்கூட டையால் கட்டியிருந்தாள்.
நான் ஏட்டைக் காட்டினேன்.
அவள் இடது கையைக் காட்டினாள்.
பெருவிரல் ரேகைக்குள் இன்னும் போகாத நீலம்.
அழவில்லை. "வாங்கக்கா" என்று செருப்பை மாட்டினாள்.

மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
உமிச் சாம்பல்மேல் சாக்கு, சாக்கின்மேல்
திலீப் மாஞ்சி. கயா பக்கம் ஏதோ ஊர்.
பாய்லருக்கு உமி தள்ளுகிறவன்.
வலது காலில், கட்டைவிரல் இருந்த இடத்தில் கட்டு.
"முந்நூத்திப் பதினெட்டு இருந்துச்சு, இப்ப நூத்தி அறுவது"
என்றாள், பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல.
அட்டை எல்லாம் மேஸ்திரியிடம். மேஸ்திரி ஊரில் இல்லை.
பட்டியலில் ஏற்றப் போனபோது
கணினி வார்டு எண் கேட்டதாம்.
அவனுக்கு எது வார்டு?
சுற்றிப் பார்த்தேன். அந்த வாய்க்கால், அந்த மின்கம்பம்.
ஏழு.

திரும்பி வந்து ஏட்டை மறுபடி விரித்தேன்.
எப்படிக் கண்ணில் படாமல் போனது,
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
வலப்பக்கம் சாய்ந்து ஓடும் எழுத்தில்
"சரிபார்த்தேன்".
கீழே என் பெயர்.
மார்ச். ஏப்ரல். மே.
ஏப்ரல் பக்கத்தில் டீ கிளாஸின் வட்டமும் இருக்கிறது.

அவளுடைய மூன்று ரேகை பொய் என்றால்
என்னுடைய மூன்று கையெழுத்து?
அவள் பொய்யால் ஒருவனுக்கு
நாலு விரல் மிச்சம்.
என்னுடையதால் யாருக்கு என்ன?

கூட்டத்துக்கு முந்தின நாள் அவளிடம் கேட்டேன்:
"சொன்னால் உன் வேலை போகலாம்."
"அவன் பேரு ஏறுமா?" என்றாள்.

ஜூன் கூட்டம். பதினொரு பேர், இரண்டு மின்விசிறி.
"பொருள் எண் ஒன்பது, சுகாதாரம், எல்லாம் சரிதானே"
என்று செயல் அலுவலர் பக்கத்தைப் புரட்டும்போது எழுந்தேன்.
முதலில் வெள்ளைக்கண்ணுவைச் சாக விடுங்கள் என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
அவர் பெயரை அடித்துவிட்டு அடியில் எழுதுங்கள்:
திலீப் மாஞ்சி, வார்டு ஏழு.
பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்;
அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மில் முதலாளி மேசையில் விரலால் தட்டினார்.
"அங்கே கொட்டகையே கிடையாதே" என்றார்.
"கணினி ஏற்காது" என்றார் அலுவலர்.
பேனா ஏற்கும் என்றேன்.

மூடியைத் திறந்து கையில் பிடித்திருக்கிறார்.
இன்னும் எழுதவில்லை.
நானும் இன்னும் உட்காரவில்லை.